பேரேடும் பட்டறையும்

பெரிய கைத்தொழில் ஸ்தாபனம் ஒன்றிற்குத் தலைமை வகிக்கத் தகுந்தவர் யார்? சரக்கைச் செய்யத் தெரிந்தவரா? அச்சரக்குக்கு ஆகும் செலவைக் கணக்கிடத் தெரிந்தவரா? இது முதலாளிமார்களும் பங்குதாரர்களும் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயமென்றும், பொதுஜன ஊழியர்களுக்கு இதில் சம்பந்தமில்லையென்றும் நம்மவரிற் பலர் நினைத்து வருகின்றனர். அந்நினைப்பு சரியானதன்று. ஒரு பெருந் தொழிற்சாலை செவ்வனே நடந்தால் அதைச் சுற்றியுள்ள நகரம் பிழைக்கிறது. நிர்வாகம் கெட்டால் நகரமே பாழாகிறது. அத்தொழிலுக்குச் சர்க்கார் அளிக்கும் பாதுகாப்பின் சுமை, சரக்கை அதிக விலை கொடுத்து வாங்கும் ஜனங்களின் தலைமேல் விழுகிறது. தொழில் முறிந்தால் அதைத் தூக்கி நிறுத்தும் பணமும் வரி கொடுப்போருடையதே. ஆகையால் ஒரு கம்பெனியின் ஐந்தொகையைப் படித்தறியும் பழக்கம் அரசியல் தொண்டர்களுக்கு வேண்டும். அதில் எழுதப்படாதிருப்பதை ஊகித்தறியும் பழக்கம் அதைக் காட்டிலும் வேண்டும்.

இதற்கு ஐக்கிய அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியையும், 1981 முதல் 1990 வரை அதன் தலைவராயிருந்த மிஸ்டர் ரோஜர் ஸ்மித்தையும் விடச் சிறந்த திருஷ்டாந்தம் நமக்குத் தென்படவில்லை. அந்தக் கம்பெனி நமது தேசத்துக்கும் அந்நியமானதன்று. 1928-ஆம் வருஷத்திலேயே பம்பாயில் மோட்டார் வண்டிகளைப் பூட்டிச் சேர்க்கும் சாலையை அது ஏற்படுத்தியது. பல்லாண்டுகளுக்குப் பின் மறுபடியும் வந்து, 2017-ல் இந்தியச் சந்தையில் விற்பனையை நிறுத்திக்கொண்டு சென்றது. எனினும் நாம் இங்கே ஆராய விரும்புவது அதன் தாய்நாட்டு விருத்தாந்தத்தையே.

மிஸ்டர் ஸ்மித் 1925-ல் ஒஹையோ மாகாணத்தில் கொலம்பஸ் நகரிற் பிறந்து டிட்ராய்ட்டில் வளர்ந்தவர். யுத்த காலத்தில் கடற்படையில் சேவை செய்துவிட்டு, மிஷிகன் சர்வகலாசாலையில் வியாபார நிர்வாகம் பயின்று, 1949-ல் ஜெனரல் மோட்டார்ஸில் கணக்குக் குமாஸ்தாவாக அமர்ந்தார். அதுமுதல் வேறு கம்பெனியின் வாயிற்படி ஏறியதில்லை. உழைப்பாளி, எண்களைக் கண்டு மலைக்காதவர், மேலதிகாரி கேட்குமுன்பே கணக்கை ஆயத்தமாக வைத்திருப்பவரென்று பெயரெடுத்தவர். 1970-ல் பொக்கிஷதாராகவும், 1971-ல் நிதி இலாகாவின் பொறுப்பேற்ற உப தலைவராகவும், 1974-ல் நிர்வாக உப தலைவராகவும் உயர்ந்து, 1981 ஜனவரி முதல் தேதியன்று கம்பெனியின் தலைமைப் பீடத்தில் அமர்ந்தார். குமாஸ்தாவாகப் புகுந்தவர் முப்பத்திரண்டு வருஷங்களில் உலகத்திலேயே பெரிய மோட்டார் ஸ்தாபனத்தின் அதிபதியானார் என்பது யாரும் மெச்சத்தக்க விஷயந்தான். ஆனால் அந்த முப்பத்திரண்டு வருஷங்களில் ஒரு வண்டியை வரைந்து சிருஷ்டித்தோ, ஒரு மோட்டார்ப் பட்டறையை முன்னின்று நடத்தியோ அவர் பழகியவரல்லர் என்பதையும் கூடவே குறித்துக்கொள்ள வேண்டும்.

கணக்கை நாம் இழிவாகப் பேசுகிறோமென்று நேயர்கள் எண்ணவேண்டாம். அந்தக் கம்பெனியைக் காப்பாற்றியதே கணக்குத்தான். 1908-ல் அதை ஸ்தாபித்த வில்லியம் டியூரண்ட், கண்ட கம்பெனிகளையெல்லாம் வாங்கிச் சேர்ப்பதில் மகா சூரர். வாங்கியவற்றைக் கட்டி மேய்ப்பதில் அவ்வளவு சமர்த்தரல்லர். 1920-ல் விற்பனை படுத்தபோது சரக்குகள் மலைபோற் குவிந்து, கம்பெனி தள்ளாடி, அவர் வெளியேற நேர்ந்தது. பின்னர் வந்த ஆல்பிரட் ஸ்லோனும், அவருக்குத் துணையாயிருந்த டொனால்ட்ஸன் பிரௌனும் அதை நிலைநிறுத்தினார்கள். போட்ட முதலுக்கு வரும் ஆதாயத்தை இரண்டாகப் பிரித்து, சரக்கு எத்தனை வேகமாகச் சுழல்கிறது, ஒவ்வொரு சுழற்சியிலும் எவ்வளவு லாபம் நிற்கிறது என்று பார்க்கும் சூத்திரத்தை வகுத்தவர் பிரௌன். இன்றும் வியாபாரக் கல்லூரிகளில் அது பாடமாயிருக்கிறது. ஆனால் பிரௌன் படித்தது மின்சார எஞ்சினீயரிங். ஸ்லோனும் அதே வித்தையைப் பயின்று, உருளை பேரிங் செய்யும் தொழிற்சாலையை நடத்திப் பழகியவர். வருஷந்தோறும் ஊரூராய்ச் சென்று வியாபாரிகளின் கடைகளில் உட்கார்ந்து, எந்த வண்டி ஏன் விற்கவில்லை என்று விசாரிப்பது ஸ்லோனின் வழக்கம். இவர்களுடைய கையில் கணக்கு ஒரு கண்ணாடியாக இருந்தது. அதன் வழியாகப் பட்டறையைப் பார்த்தார்கள்.

பிற்காலத்தில் நிலைமை மாறிற்று. 1958 முதல் 1990 வரை கம்பெனிக்குத் தலைமை வகித்த ஐவரில் நால்வர் நிதி இலாகாவிலிருந்து வந்தவர்கள். வண்டி செய்வோர் டிட்ராய்ட்டிலும் பணத்தை ஆள்வோர் நியூயார்க்கிலுமாக இருந்தார்கள். மேலே செல்ல விரும்பும் வாலிபனுக்கு எந்த ஏணி உயரமானது என்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஸ்மித் அந்த ஏணியைத் தாமாக உண்டாக்கவில்லை; அதில் ஏறி வந்தார். எனவே அவர்மீது மட்டும் பழி சுமத்துவது நியாயமாகாது.

அவர் பதவியேற்ற வேளையும் நல்ல வேளையன்று. 1980-ல் கம்பெனிக்கு 76 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். 1921-க்குப் பிறகு அது கண்ட முதல் வருஷாந்தர நஷ்டம் அதுவே. பெட்ரோல் விலை ஏறியிருந்தது. ஜப்பானியரின் சிறிய வண்டிகள், விலையிற் சரசமாகவும் பழுதின்றி ஓடுவனவாகவும் வந்து துறைமுகங்களில் இறங்கிக்கொண்டிருந்தன. பழைய முறையே போதுமென்று இருந்தால் கம்பெனி அழியுமென்பதை, முன்னிருந்தவர்களைவிட ஸ்மித் தெளிவாகக் கண்டார். நோயைக் கண்டறிந்த பெருமையை அவருக்குக் கொடுக்கவேண்டும்.

அமெரிக்க சர்க்காரும் உதவிக்கு வந்தது. 1981-ல் ஜப்பான் தானாகவே ஏற்றுமதியைக் கட்டுப்படுத்திக்கொள்வதென்று ஏற்பாடாகி, வருஷத்துக்கு 16 லட்சத்து 80 ஆயிரம் வண்டிகளுக்கு மேல் அனுப்புவதில்லையென்று அந்நாடு ஒப்புக்கொண்டது. சுதேசித் தொழிலுக்குப் பாதுகாப்பு வேண்டுமென்று வாதாடுவோர் இவ்விடத்தைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். பாதுகாப்பு என்பது நோயாளிக்குக் கிடைக்கும் அவகாசம். அந்த அவகாசத்தில் மருந்துண்பது அவன் பொறுப்பு. போட்டி குறையவே வண்டி விலை ஏறிற்று. 1983-ல் ஜெனரல் மோட்டார்ஸ் ஏறக்குறைய 370 கோடி டாலரும், 1984-ல் சுமார் 450 கோடி டாலரும் லாபம் காட்டியது. பத்திரிகைகள் ஸ்மித்தைத் தீர்க்கதரிசி என்று புகழ்ந்தன. ஜப்பானியரோ வாளாவிருக்கவில்லை. ஹோண்டா கம்பெனி 1982-ல் அமெரிக்க மண்ணிலேயே, அதிலும் ஸ்மித் பிறந்த ஒஹையோ மாகாணத்தில், கொலம்பஸுக்கு அருகிலுள்ள மேரிஸ்வில்லில் வண்டி செய்யத் தொடங்கிவிட்டது. அமெரிக்கத் தொழிலாளரின் கையாலேயே ஜப்பானிய வண்டி உருவாகுமானால், தொழிலாளர் சோம்பேறிகளென்று டிட்ராய்ட் அதிகாரிகள் கூறிவந்த சமாதானம் என்னவாயிற்று?

கிடைத்த அவகாசத்தை ஸ்மித் எவ்விதம் செலவிட்டார் என்பதுதான் நமது கேள்வி. அவர் சும்மா இருந்தவரல்லர். ஒருவகையில் அளவுக்கு மீறிச் செய்தார் என்றே சொல்லலாம்.

முதலில் வண்டிகளின் கதி. ஷெவர்லே, பாண்டியாக், ஓல்ட்ஸ்மொபீல், ப்யூக், காடிலாக் என்ற ஐந்து பெயர்களை ஸ்லோன் படிப்படியாக அடுக்கி வைத்திருந்தார். முதல் வேலை கிடைத்தவன் ஷெவர்லே வாங்கி, சம்பளம் உயர உயரப் படியேறி, முடிவில் காடிலாக்கில் ஏறவேண்டுமென்பது ஏற்பாடு. ஐந்துக்கும் தனித்தனி அச்சு செய்வது வீண் செலவென்று கணக்கு சொல்லிற்று. ஒரே கூட்டின்மேல் நாலு பெயர்களை ஒட்டினார்கள். இவ்வழக்கம் ஸ்மித்துக்கு முன்னரே ஆரம்பமாகிவிட்டதாயினும் அவர் காலத்தில் முற்றிவிட்டது. 1983 ஆகஸ்டில் ‘பார்ச்சூன்’ பத்திரிகை ஷெவர்லே, பாண்டியாக், ஓல்ட்ஸ்மொபீல், ப்யூக் வண்டிகள் நான்கையும் வரிசையாக நிறுத்திப் படம் பிடித்து அட்டையில் வெளியிட்டது. எது எதுவென்று இனம் காண்பது கஷ்டமாயிருந்தது. அதிக விலை கொடுத்து ப்யூக் வாங்கியவன், அண்டை வீட்டான் குறைந்த விலைக்கு வாங்கிய வண்டியும் தன்னுடையதைப் போலவே இருக்கக் கண்டால் என்ன நினைப்பான்? அச்சுச் செலவில் மிச்சமானது வரவுப் பக்கத்தில் ஏறிற்று. மனம் கசந்து வேறு கடைக்குப் போனவனுக்குப் பேரேட்டில் பக்கமே கிடையாது.

1984-ல் கம்பெனியின் அமைப்பை அவர் கலைத்துக் கட்டினார். வண்டிக்கூடு செய்யும் பழம் பெரும் பிரிவாகிய பிஷர் பாடியும், வண்டி பூட்டும் பிரிவும் மறைந்து, யாவும் இரண்டு பெருங் கூட்டங்களுக்குள் அடக்கப்பட்டன. காகிதத்தில் அது அழகாகத்தான் இருந்தது. ஆனால் எத்தனையோ வருஷங்களாக ஒருவரையொருவர் அறிந்து, கதவு சரியாகப் பொருந்தாவிடில் இன்னாரைக் கூப்பிட வேண்டுமென்று தெரிந்து வைத்திருந்த ஆட்கள் திசைக்கொருவராகச் சிதறிப் போனார்கள். இப்படிப்பட்ட பழக்கம் எந்த ஐந்தொகையிலும் சொத்தாக எழுதப்படுவதில்லை. அதனால் அது அழிந்தபோதும் நஷ்டமாக எழுதப்படவில்லை.

அடுத்தது யந்திர மோகம். ஜப்பானியர் மலிவாகச் செய்வதற்கு யந்திரக் கைகளே காரணமென்று எண்ணிய ஸ்மித், 1982-ல் ஜப்பானின் பானுக் கம்பெனியுடன் கூட்டுச் சேர்ந்து யந்திர மனிதர்களைச் செய்யவே ஒரு கம்பெனி ஆரம்பித்தார். டிட்ராய்ட்டை ஒட்டிய ஹாம்ட்ராம்க்கில் 1985-ல் திறந்த தொழிற்சாலை இம்மோகத்தின் ஆலயமாயிற்று. அந்த ஆலைக்கு இடம் கொடுப்பதற்காக 1981-ல் டிட்ராய்ட் நகரசபை, போல்டவுன் என்ற குடியிருப்பையே தரைமட்டமாக்கியது. போலந்திலிருந்து வந்து குடியேறிய தொழிலாளக் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்ந்த இடம் அது. 4,000-க்கு மேற்பட்ட ஜனங்கள் வீடு துறந்தனர். ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளும் மாதாகோவில்களும் இடிக்கப்பட்டன. குடிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். தனியார் கம்பெனிக்காக நிலத்தைக் கட்டாயமாக எடுப்பதும் பொது நன்மையே என்று மிஷிகன் சுப்ரீம் கோர்ட் 1981-ல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு தவறானதென்று அதே கோர்ட் 2004-ல் வேறொரு வழக்கில் தள்ளிவிட்டது. இடிந்த வீடுகள் எழுந்துவிடவா போகின்றன? இத்தனை பேரின் கண்ணீருக்குமேல் எழுந்த ஆலையில் யந்திரக் கைகள் சொன்னபடி கேட்கவில்லை. வர்ணம் அடிக்கும் கைகள் வண்டியை விட்டுவிட்டு ஒன்றின்மேலொன்று வர்ணத்தை வாரியடித்துக்கொண்டதாகப் பத்திரிகைகளிற் செய்தி வந்தது.

இந்த மோகத்துக்கும் கணக்கு முறைக்கும் உள்ள உறவைச் சிறிது விளக்க விரும்புகிறோம். பேரேட்டில் யந்திரம் சொத்து; வருஷாவருஷம் தேய்மானம் கழித்தாலும் சொத்துப் பக்கத்திலேயே நிற்கும். தொழிலாளியின் கூலியோ செலவு. அவனுடைய கைத்திறமை, சரக்கில் குறை கண்டால் சுட்டிக் காட்டும் அக்கறை, பக்கத்திலுள்ளவனுக்குக் கற்றுக்கொடுக்கும் மனம் ஆகிய இவற்றுக்கு இடமே இல்லை. இப்பேரேட்டையே பார்த்து வளர்ந்தவருக்கு, தொழிலாளியைக் கழித்து யந்திரத்தைக் கூட்டினால் கம்பெனி வளம் பெறுவதாகத்தான் தோன்றும். கூட்டல் கழித்தலில் பிழையில்லை. ஆயினும் வண்டி ஒழுகுகிறது.

இதற்கு மாற்று மருந்து ஸ்மித்தின் கையிலேயே இருந்தது என்பதுதான் ஆச்சரியம். அதைத் தேடிக் கொணர்ந்தவரும் அவரே. கலிபோர்னியாவில் பிரீமாண்ட் என்னுமிடத்தில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு தொழிற்சாலை இருந்தது. கம்பெனியின் ஆலைகளிலெல்லாம் மோசமானதென்று பெயர் வாங்கியது. வேலைக்கு வராதவர் எண்ணிக்கை சில நாட்களில் நூற்றுக்கு இருபதை எட்டும். நிர்வாகத்துக்கும் தொழிலாளர் சங்கத்துக்கும் ஓயாத சச்சரவு. 1982-ல் அதை மூடினார்கள். மறுவருஷம் ஸ்மித், டொயோட்டாவுடன் கூட்டு ஒப்பந்தம் செய்துகொண்டு அவ்வாலையை ஜப்பானியர் நிர்வாகத்தில் விட்டார். 1984 முடிவில் வண்டிகள் வெளிவரலாயின. பெரும்பாலும் பழைய தொழிலாளர்களையே வேலைக்கு எடுத்தார்கள்; சங்கமும் அதே சங்கந்தான். விசேஷமான யந்திரங்கள் எவையும் வரவில்லை. மாறியது நிர்வாகம் ஒன்றே.

என்ன மாற்றம்? பழைய ஆலையில் வண்டி பூட்டும் வரிசையை எக்காரணத்தாலும் நிறுத்தக் கூடாது. ஒரு நிமிஷம் நின்றால் இவ்வளவு நஷ்டமென்று கணக்கு. ஆணி முடுக்கப்படாமலும் பாகங்கள் மாறிப் பொருந்தியும் வண்டி நகர்ந்துகொண்டேயிருக்கும்; கடைசியில் முற்றத்தில் நிறுத்தி ரிப்பேர் செய்வார்கள், அல்லது அப்படியே வியாபாரிக்கு அனுப்புவார்கள். புதிய ஆலையில் ஒவ்வொரு தொழிலாளியின் தலைக்கு மேலும் ஒரு கயிறு தொங்கிற்று. குறை கண்டவன் கயிற்றை இழுக்கலாம். தலைவன் ஓடிவந்து உதவி செய்வான். அப்பொழுதும் தீராவிட்டால் வரிசை முழுவதும் நிற்கும். யாரும் அவனைக் கடிந்துகொள்வதில்லை. மேலும், மிகக் கடுமையான நெருக்கடி வந்தாலொழிய ஆட்களைக் குறைப்பதில்லையென்று நிர்வாகம் வாக்களித்தது. விற்பனை மந்தமாகி வேலை குறைந்தபோதும் ஆட்களை வெளியே அனுப்பாமல் பயிற்சி கொடுத்து வைத்துக்கொண்டு வாக்கைக் காப்பாற்றிற்று. மாசசூஸெட்ஸ் தொழில்நுணுக்கக் கழகத்தார் நேரிற் சென்று அளந்தார்கள். ஜெனரல் மோட்டார்ஸின் பிரேமிங்ஹாம் ஆலையில் ஒரு வண்டி பூட்ட 31 மணி நேரம் ஆயிற்று. ஜப்பானில் டொயோட்டாவின் தகாவோகா ஆலையில் 16 மணி. பிரீமாண்டில் 19 மணி. நூறு வண்டிகளுக்குக் காணப்பட்ட குறைகள் பிரேமிங்ஹாமில் 135. தகாவோகாவிலும் பிரீமாண்டிலும் 45. முன்னே உதவாக்கரைகளென்று தூற்றப்பட்ட அதே ஆட்களின் கைவேலை இது!

இவ்வளவையும் கண்ணாரக் கண்ட கம்பெனி அதைத் தன் மற்ற ஆலைகளுக்குப் பரப்பியிருக்க வேண்டாமா? பிரீமாண்டிற் பயின்ற அதிகாரிகள் பல இடங்களுக்குப் பிரித்தனுப்பப்பட்டார்கள்; போன இடத்தில் தனியே நின்று யார் சொல்லை யார் கேட்பார்? கயிற்றை வாங்கிக் கட்டினார்கள் சிலர், இழுத்தவனைத் திட்டினார்கள். தொழிலாளியை நம்புவதென்பது காசு கொடுத்து வாங்கும் சாமானன்று. ஆகையால் காசு கொடுத்து வாங்கக்கூடியவற்றின்மேலேயே தலைவரின் நாட்டம் சென்றது.

1984-ல் எலெக்ட்ரானிக் டேட்டா ஸிஸ்டம்ஸ் என்ற கணிப்பொறிக் கம்பெனியை 250 கோடி டாலருக்கும், 1985-ல் ஆகாய விமானத் தளவாடங்கள் செய்யும் ஹ்யூஸ் கம்பெனியை 500 கோடி டாலருக்கு மேலும் கொடுத்து வாங்கினார். முந்தியதின் ஸ்தாபகராகிய ராஸ் பெரோ, அதன்மூலம் டைரக்டர் சபையில் இடம் பெற்று, வியாபாரிகளின் கடைகளுக்கும் ஆலைகளுக்கும் தாமே சென்று விசாரித்து, கண்ட குறைகளைப் பகிரங்கமாகப் பேசத் தொடங்கினார். சபையிலே கேள்வி கேட்பவரென்று வாய்த்தது இவர் ஒருவரே. 1986 டிசம்பரில் அவருடைய பங்குகளை 70 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கி, அவரை வெளியேற்றினார்கள். ஒரு வாயை மூடுவதற்கு இவ்வளவு விலை கொடுத்ததை நாம் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மேற்சொன்ன இரு கம்பெனிகளும் கொள்முதலாகப் பார்த்தால் நஷ்டமானவையல்ல. கணிப்பொறிக் கம்பெனி 1996-ல் தனியே பிரிந்தபோது வாங்கிய விலையைப்போற் பன்மடங்கு மதிப்புப் பெற்றிருந்தது. ஹ்யூஸும் பிற்காலத்தில் நல்ல விலைக்குப் போயிற்று. சொத்து வாங்கும் வித்தையில் ஸ்மித் தேர்ந்தவரே. வண்டி செய்யும் கம்பெனிக்கு வண்டி செய்யும் வித்தையல்லவா வேண்டும்?

நிதி இலாகாவைச் சேர்ந்தவர்கள் அனைவரும் கண்மூடிகளாயிருந்தார்களென்றும் சொல்வதற்கில்லை. 1986-ல் கம்பெனியின் நிதி நிர்வாகியாகிய ஆலன் ஸ்மித், மேலதிகாரிகளின் கூட்டத்தில் எழுந்து ஒரு கணக்குச் சொன்னார். (ஸ்மித் என்பது அந்நாட்டில் நம் ஊர் ராமசாமி, கிருஷ்ணசாமி போன்ற பெயர், தலைவருக்கு இவர் உறவினரென்று நேயர்கள் கருத வேண்டாம்.) அடுத்த சில வருஷங்களில் ஆலைகளுக்கும் யந்திரங்களுக்கும் செலவிடப் போகும் தொகை ஏறக்குறைய 3,500 கோடி டாலர், அத்தொகைக்கு டொயோட்டா, நிஸ்ஸான் ஆகிய இரு கம்பெனிகளையும் பங்குச் சந்தை விலையில் அப்படியே வாங்கிவிடலாம், நாம் செய்யும் செலவு அவ்வளவு பலனைத் தருமா என்று கேட்டார். கணக்கு அறிந்தவர் கேட்கவேண்டிய கேள்வி அதுவே. சபையிலிருந்த எவரும் அதற்கு விடை கண்டதாக அடுத்த வருஷங்களின் நடப்பு காட்டவில்லை.

தொழிலாளர் விஷயத்துக்கு வருவோம். 1982-ல் கம்பெனி கஷ்டத்திலிருக்கிறதென்று சொல்லி, ஐக்கிய மோட்டார்த் தொழிலாளர் சங்கத்தாரைக் கூலி உயர்வையும் விடுமுறை நாட்களையும் விட்டுக்கொடுக்கும்படி செய்தார்கள். சங்கத்தார் அரை மனதோடு இணங்கினர். அதே சமயத்தில் மேலதிகாரிகளுக்குப் போனஸைத் தாராளமாக்கும் திட்டமொன்று பங்குதாரர்களின் அங்கீகாரத்துக்கு அனுப்பப்பட்டது தெரியவந்தது! தொழிலாளர் கொதித்தெழவே திட்டத்தை வாபஸ் வாங்கினார்கள். ஆனால் போன நம்பிக்கையை வாபஸ் வாங்க முடியுமா? 1986 நவம்பரில் பதினோரு ஆலைகளை மூடப் போவதாகவும், சுமார் 29,000 பேருக்கு வேலை போகுமென்றும் அறிவிப்பு வந்தது. கம்பெனி பிறந்த ஊராகிய பிளிண்ட் நகரம் மிகவும் அடிபட்டது. 1936-37-ல் தொழிலாளர் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து வேலை நிறுத்தம் செய்து, தங்கள் சங்கத்தைக் கம்பெனி அங்கீகரிக்கும்படி செய்த வீர நகரம் அது. அவ்வூரிற் பிறந்த மைக்கேல் மூர், ஸ்மித்தைப் பேட்டி காணத் தாம் அலைந்த கதையை 1989-ல் சினிமாப் படமாக வெளியிட்டார். அதில் சில நிகழ்ச்சிகள் காலமுறை மாறி வைக்கப்பட்டிருப்பதாகக் குறை கூறினவர்கள் உண்டு. ஊர் பாழானதை மறுத்தவர் எவருமில்லை.

இனிப் பலனைப் பார்ப்போம். 1986-ல் ஃபோர்டு கம்பெனியின் லாபம் ஜெனரல் மோட்டார்ஸின் லாபத்தை மிஞ்சியது; 1924-க்குப் பிறகு அவ்வாறு நேர்ந்தது அப்போதுதான். ஃபோர்டு அளவிற் சிறிய கம்பெனி என்பதை மறக்கக் கூடாது. அமெரிக்காவில் விற்கும் வண்டிகளில் ஸ்மித் பதவியேற்கையில் நூற்றுக்குச் சுமார் 45 ஜெனரல் மோட்டார்ஸினுடையவை. அவர் விலகுகையில் சுமார் 35. இத்தனைக்கும் வருஷங்களில் பெரும்பாலானவை லாபம் காட்டிய வருஷங்கள்! லாபக் கணக்கு மெல்ல மெல்லத்தான் உண்மையைச் சொல்லும். அது வாய் திறக்கும்போது சொன்னவர் உபகாரச் சம்பளம் வாங்கிக்கொண்டிருப்பார். 1990 ஜூலை 30-ந் தேதி, தாம் கனவுகண்டு தொடங்கிய ஸாட்டர்ன் வண்டிகளில் முதலாவதை, தொழிலாளர் சங்கத் தலைவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆலையிலிருந்து ஓட்டிவந்தார் ஸ்மித். மறுநாள் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். அவருடைய உபகாரச் சம்பளம் ஏறக்குறைய இருமடங்காக்கப்பட்டு வருஷத்துக்கு 12 லட்சம் டாலருக்கு மேலாயிற்று. 1991-ல் கம்பெனிக்கு நஷ்டம் 445 கோடி டாலர். 1992-ல், ஓய்வு பெற்ற தொழிலாளரின் வைத்தியச் செலவுக்காக ஒரேயடியாக எழுதிய பெருந் தொகையையும் சேர்த்து, 2,350 கோடி டாலர்.

சிலர் கூறுவர்: ஜப்பானியப் போட்டியை யார்தான் தடுத்திருக்க முடியும்? எஞ்சினீயர் தலைவராயிருந்தால் மட்டும் என்ன நடந்திருக்கும்? இந்த ஆக்ஷேபத்தை நாம் தள்ளிவிடவில்லை. ஸ்மித்துக்குப் பின் வந்த ராபர்ட் ஸ்டெம்பெல் எஞ்சினீயர்தாம். அவர் இரண்டரை வருஷங் கூட நீடிக்கவில்லை. 1992-ல் வந்த ஜாக் ஸ்மித்தோ (இவர் மூன்றாவது ஸ்மித்!) நிதி இலாகாவைச் சேர்ந்தவர், அவரே கம்பெனியை மறுபடியும் லாபத்துக்குக் கொண்டுவந்தார். ஆனால் டொயோட்டாவுடன் பிரீமாண்ட் ஒப்பந்தத்தைப் பேசி முடித்தவரும், ஐரோப்பாவில் நொடித்துக் கிடந்த கிளையை நிமிர்த்தியவரும் அவர்தாம் என்பதை நோக்க வேண்டும். கணக்கிலிருந்து வந்து பட்டறையைக் கண்டவர் அவர். ஆகவே குற்றம் கணக்கர் ஜாதியினுடையதன்று. பேரேட்டில் ஏறியது மட்டுமே உலகமென்று கொள்ளும் நிர்வாகமும், அந்நிர்வாகத்தைக் கேள்வி கேட்காத டைரக்டர் சபையுமே நாம் குறை கூறுவன. தொழிலுக்குப் பாதுகாப்புக் கேட்டு வரும் முதலாளியிடம் நமது பிரதிநிதிகள் லாப நஷ்டக் கணக்கை மட்டும் கேட்டு வாங்கினாற் போதாது. ஒரு சரக்குக்கு எத்தனை மணி நேரம், நூற்றுக்கு எத்தனை குறை, குறை கண்ட தொழிலாளி வேலையை நிறுத்த அதிகாரமுண்டா என்பவற்றையும் கேட்க வேண்டும்.

ரோஜர் ஸ்மித் 2007-ல் காலமானார். 2009 ஜூன் முதல் தேதியன்று ஜெனரல் மோட்டார்ஸ் திவால் கோர்ட்டை அடைந்தது. அப்போதும், அதற்குச் சில வாரங்களுக்கு முன்வரை, நிதி இலாகாவில் வளர்ந்த ஒருவரே தலைவராயிருந்தார். அமெரிக்க சர்க்கார் சுமார் 5,000 கோடி டாலர் போட்டுக் கம்பெனியைத் தூக்கி நிறுத்தி, 2013 டிசம்பரில் கடைசிப் பங்குகளை விற்றபோது, ஏறக்குறைய 1,000 கோடி டாலர் திரும்பி வரவில்லை. மறு மாதம் தலைமைக்கு வந்த மேரி பாரா என்னும் மாது, பதினெட்டு வயதில் ஆலையிற் பயிலப் புகுந்த எஞ்சினீயர். ஸாட்டர்ன் பிரிவு 2010-ல் மூடப்பட்டது. பிரீமாண்ட் ஆலையின் கூட்டிலிருந்தும் 2009-ல் கம்பெனி விலகிக்கொண்டது. 2010 ஏப்ரலில் டொயோட்டாவும் அதை மூடவே, சுமார் 4,700 தொழிலாளர்கள் வீடு திரும்பினர். கட்டடத்தை டெஸ்லா கம்பெனி 4 கோடியே 20 லட்சம் டாலருக்கு வாங்கிக்கொண்டது.